பூவும் அல்ல, பன்னீரும் அல்ல: ஒரு பழமும் நம் ஆய்வுக்கட்டுரைகளின் கடைசி வரியும்

சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு, தில்லியில் நான் தங்கியிருக்கும் ஆய்வாளர் விடுதியின் சமையற்காரரை நாங்கள் மூவர் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அவரைச் சாச்சா என்றே அழைப்போம். உடல் முழுவதும் வியர்த்திருந்தது. பெயரைக் கேட்டால் வேறு எதையோ சொன்னார். அவசரப் பிரிவில் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 41 மில்லிகிராம். குளுக்கோஸ் ஏற்றிய சற்று நேரத்திலேயே கண் விழித்து, காலை உணவுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்க வேண்டுமே என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

அவர் எட்டு ஆண்டுகளாக நீரிழிவுக்காரர். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் எடுத்துவருபவர். அதற்கு முந்தைய மூன்று வாரங்களாக, இரவில் பத்துக் காய்ந்த பழங்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் வடிகட்டிக் குடித்துவந்திருக்கிறார். இந்தியில் 'பனீர் கே ஃபூல்' அல்லது 'பனீர் டோடா' என்றும், தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் 'பன்னீர்ப்பூ' என்றும் விற்கப்படும் பழம் அது. இது அவர் மருத்துவமனையில் சொன்னதல்ல. இரண்டு நாள் கழித்து, சமையலறையில் நான் தற்செயலாக அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக் கேட்டபோது சொன்னார். மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை. அவரும் அதை மருந்தென்று எண்ணாததால் சொல்லவில்லை. வெளியேற்றச் சீட்டில் 'மாத்திரையால் ஏற்பட்ட சர்க்கரைத் தாழ்வு' என்று எழுதிக் கிளிமெபிரைடைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். பழத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பழம்தான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. முந்தைய நாள் அவருக்குக் காய்ச்சல்; இரவு சரியாகச் சாப்பிடவில்லை. கிளிமெபிரைட் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தாலே சர்க்கரை தாழும். ஆனால் மருந்தியல் படிக்கும் என்னால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் யார் என்பதுதான் இந்தப் பதிவின் பொருள். அது நாம்தான் என்று கருதுகிறேன். காணொளி வெளியிடும் போலி வைத்தியர்களைத் திட்டி எழுத இங்கே ஆட்கள் உண்டு. நான் எழுத வந்தது அவர்களுக்குச் சரக்கு அனுப்பும் நம்மைப் பற்றி.

சாச்சா தம் கைபேசியில் அந்தக் காணொளியைக் காட்டினார். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் பழத்தைக் கையில் ஏந்தி, 'இது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது' என்கிறார். பின்னணியில் ஓர் ஆய்வுக்கட்டுரையின் முதல் பக்கம் தோன்றுகிறது. சுருக்கவுரையின் கடைசி வரி மஞ்சள் நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. இப்பழத்தின் மரபான பயன்பாட்டை எமது முடிவுகள் உறுதிப்படுத்துகின்றன என்பது அதன் சாரம். அந்த மனிதர் கட்டுரையைத் திரிக்கவில்லை. நாம் எழுதியதைத்தான் வாசித்தார்.

முதலில் பெயரிலிருந்து தொடங்குகிறேன். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. இத்தாவரத்தின் அறிவியற்பெயர் வித்தானியா கோஅகுலன்ஸ். நம் அமுக்கராவின், அதாவது அசுவகந்தாவின், நெருங்கிய உறவு. கத்தரி, தக்காளிக் குடும்பம். ராஜஸ்தான், பஞ்சாப், சிந்து, பலுசிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகிய வறண்ட நிலங்களில் சாம்பல் பூத்த இலைகளோடு வளரும் குறுஞ்செடி. கடைகளில் விற்கப்படுவது அதன் காய்ந்த கனி. தோல்போன்ற புல்லிவட்டம் கனியை மூடியிருப்பதால் பார்வைக்கு உலர்ந்த மொட்டுப் போலத் தெரியும். அதனால் வடக்கே 'ஃபூல்' என்றார்கள். 'பனீர்' என்றது பாற்கட்டியை. இப்பழம் பாலைத் திரிக்கும். இந்தப் பெயர் தெற்கே வந்தபோது பனீர் பன்னீராயிற்று, ஃபூல் பூவாயிற்று. ஆக, பூவும் அல்லாத, பன்னீருக்கும் தொடர்பில்லாத ஒரு கனி 'பன்னீர்ப்பூ' என்ற பெயரில் நம் கடைகளில் இருக்கிறது. இத்தோடு முடிந்தால் மொழியியல் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தமிழில் பன்னீர்ப்பூ என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு மரத்துக்கு உரியது. கடற்கரைப் பகுதிகளில் வளரும், இரவில் மணக்கும் வெண்பூக்களை உதிர்க்கும் பன்னீர் மரம் அது; காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓர் இணைய விற்பனைப் பக்கத்தில், நீரிழிவுக்கான பன்னீர்ப்பூ என்ற தலைப்பின் கீழ் இந்த வெண்பூவின் படத்தைக் கண்டேன். பொட்டலத்துக்குள் எது இருந்தது என்பது வாங்கியவருக்குத்தான் வெளிச்சம்.

மருந்துப்பொருளை அடையாளம் காண்பதுதான் பாதுகாப்பான பயன்பாட்டின் முதற்படி. நம் கட்டுரைகளில் அது எப்படி நடக்கிறது என்பது இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்குத் தெரியும். 'உள்ளூர்ச் சந்தையில் வாங்கப்பட்டு, தாவரவியல் துறைப் பேராசிரியரால் உறுதிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி. உறுதி செய்தவர் பார்த்தது ஒரு கைப்பிடி உலர்கனி. வந்த இடம், பறித்த பருவம், பழுத்ததா பழுக்காததா, எத்தனை மாதம் கோணியில் கிடந்தது என்ற எதுவும் பதிவாவதில்லை. கத்தரிக் குடும்பத்துக் கனிகளில் பச்சைக்கும் பழத்துக்கும் வேதிப்பொருள் வேறுபாடு பெரிது என்பதை மணத்தக்காளி தின்று வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுத்த பழத்தை உண்ணும் குழந்தையை, பச்சைக் காயைப் பறிக்காதே என்று அதட்டிய பாட்டிக்கு இருந்த கவனம் நம் 'செய்முறை' பகுதியில் இல்லை.

இனி மரபு. காணொளிக்காரர்கள் ஐயாயிரம் ஆண்டு என்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டுக்கு முன் இப்பழத்தை நீரிழிவுக்குக் கொடுத்ததற்கு யாரும் சான்று காட்டியதில்லை. உறுதியாக நமக்குத் தெரிவது வேறு. சிந்து, ஆப்கானிஸ்தான் மக்கள் இதைக் கொண்டு பாலைத் திரித்துப் பாற்கட்டி செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டாக்ஸ் என்ற தாவரவியலாளர் இச்செடிக்குப் 'புனீரியா' என்று பேரினப் பெயரே சூட்டினார். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளுக்கு மாற்றாக இது பயன்படுமா என்று ஆங்கில அரசின் கவனம் இதன்மேல் விழுந்தது. கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ஷெரிடன் லீ இதன் விதைகளிலிருந்து உப்புநீரில் அந்த நொதியைப் பிரித்து, 1880களில் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். அக்கால மருந்துப்பொருள் நூல்களில் இப்பழம் முதன்மையாகச் செரிமானக் கோளாறுக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் உரிய பொருள்; புதுப்பழம் வாந்தி வரவழைக்கும் என்ற குறிப்பும் உண்டு. அதாவது, மரபு இதை ஓரளவு எச்சரிக்கையுடனேயே கையாண்டது. 'தினமும் பத்துப் பழம், வாழ்நாள் முழுவதும், மாத்திரையோடு சேர்த்து' என்பது எந்த மரபும் அல்ல. கிளிமெபிரைடும் இப்பழமும் ஒரே வயிற்றில் சந்தித்த வரலாறு சில பத்தாண்டுகள்தாம். அதற்கு மரபில் விடை தேடுவது ஏவுகணைக்கு வாஸ்து பார்ப்பதைப் போன்றது.

பழத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல நான் வரவில்லை. இதில் வித்தனோலைடுகள் என்ற ஸ்டீராய்டு வகைச் சேர்மங்கள் நிறைய உண்டு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 2008-இல் இக்கனியிலிருந்து கோஅகுலின்கள் உள்ளிட்ட சில வித்தனோலைடுகளைத் தனித்துப் பிரித்து, நீரிழிவூட்டிய எலிகளில் அவை சர்க்கரையைக் குறைப்பதைக் காட்டினார்கள். ஒழுங்கான வேலை அது. எந்த மூலக்கூறு, எவ்வளவு, எந்த மாதிரியில் என்று சொன்ன வேலை. அவ்வழியில் பத்துப் பேர் தொடர்ந்து நடந்திருந்தால் இன்று நம்மிடம் ஒரு மருந்தோ, அல்லது 'இது மருந்தாகாது' என்ற தெளிவோ இருந்திருக்கும். இரண்டும் இல்லை. மாறாக, அதே முதற்படியைச் சாறு மாற்றி, கரைப்பான் மாற்றி, எலியின் இனம் மாற்றி ஏறிக்கொண்டே இருந்தோம்.

அந்த முதற்படி எப்படிப்பட்டது என்று துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒரு குழுவுக்கு ஆறு எலிகள். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற நச்சைச் செலுத்தி, இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களை அழிக்கிறோம். எலிக்குச் சர்க்கரை ஏறுகிறது. ஒரு குழுவுக்குச் சாறு, ஒரு குழுவுக்குக் கிளிபென்கிளமைட், ஒரு குழுவுக்கு வெறும் நீர். சில நாள்களில் அல்லது சில வாரங்களில் முடிவு. சாச்சாவுக்கு இருப்பது உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும் இரண்டாம் வகை நீரிழிவு. எலிக்கு நாம் உண்டாக்கியது சுரக்கும் உறுப்பையே சிதைத்த நிலை. இரண்டும் ஒன்றல்ல என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். பீட்டா உயிரணுக்கள் பெரும்பாலும் அழிந்துவிட்ட எலியில், 'சாறு அவற்றைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்திருக்கலாம்' என்று விவாதப் பகுதியில் கூசாமல் எழுதுகிறோம்.

அளவைப் பாருங்கள். இப்பழத்தின் நீர்ச்சாற்றை வைத்துச் செய்த எலி ஆய்வுகளில் கிலோ உடல் எடைக்கு 1 கிராம் என்ற அளவு காணப்படுகிறது. எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற, உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்ட வழக்கமான கணக்கில், ஏறத்தாழ 6.2-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 160 மில்லிகிராம் வரும். அறுபது கிலோ மனிதருக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. கவனியுங்கள், இது பழத்தின் எடையல்ல. பழத்தை நீரில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து எடுத்த சாற்றுப்பொடியின் எடை. நூறு கிராம் பழத்தில் பத்துக் கிராம் பொடி தேறும் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு நூறு கிராம் பழம். சாச்சா ஊறவைத்தது பத்துப் பழம். என் தராசில் ஒரு கிராமும் சில்லறையும். அப்படியானால் காணொளியின் செய்முறைக்கு நம் கட்டுரை ஆதாரமே அல்ல. பத்துப் பழத்தில் ஒன்றும் நடக்காமலிருக்கலாம். நடந்தால் அது நம் எலிகள் சொன்ன வழியில் நடந்ததாக இராது. இக்கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். இத்துறைக் கட்டுரைகளை நான் ஆண்டுக்கணக்கில் வாசித்துவருகிறேன். இக்கணக்கைப் போட்டுக் காட்டியவற்றைக் காண்பது அரிது. ஆனால் 'மரபான பயன்பாட்டை உறுதிப்படுத்துகிறது' என்ற வரி இல்லாத கட்டுரையைக் காண்பது அதைவிட அரிது.

அந்த வரி ஏன் வருகிறது? அதை எழுதாவிட்டால் கட்டுரைக்கு ஒரு காரணம் இருப்பதாகத் தோன்றாது, அதுதான் உண்மை. ஆறு எலிகளின் சர்க்கரை குறைந்தது என்று மட்டும் எழுதினால், அதனால் என்ன என்று வாசிப்பவர் கேட்பார். மரபின் தோளில் ஏறிக்கொண்டால் அந்தக் கேள்வி எழாது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டின் விதிகளில் கைவிட்டது. துறைகளின் பழக்கம் அதைக் கைவிடவில்லை. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் மரபு என்ற சொல் இருந்தால் நல்லது என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. இவ்வாறு நமக்கு வேலையும் பட்டமும் வாங்கித் தந்த ஒரு வரி, நம் கையை விட்டுப் போய், மஞ்சள் பூசிக்கொண்டு சாச்சாவின் கைபேசியில் வந்து நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் நீரிழிவுள்ளோர் 10.1 கோடிப் பேர். நாம் யாருக்கு எழுதுகிறோம் என்ற கேள்விக்கு, நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இதுவும் ஒரு விடை.

இங்கே இரண்டு தரப்பினர் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

முதல் தரப்பினர், 'மேற்கத்திய மருந்துக் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறாய்' என்பார்கள். அவர்களுக்கு மெட்ஃபார்மினின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். இன்று உலகில் நீரிழிவுக்கு முதலில் எழுதப்படும் அம்மருந்தின் மூலம் ஒரு மூலிகைதான். கலீகா என்ற ஐரோப்பியச் செடி நாட்டு மருத்துவத்தில் இருந்தது. அதிலுள்ள கலீகின் என்ற சேர்மத்தை 1920களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நச்சுத்தன்மை மிகுந்திருந்ததால் கைவிட்டார்கள். உறவுச் சேர்மமான மெட்ஃபார்மினை 1922-இல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். ஜான் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957-இல்தான் மனிதரில் அதன் பயனை வெளியிட்டார். அதே குடும்பத்து ஃபென்ஃபார்மின் நன்றாகவே சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி ஆட்களைக் கொன்றது. அமெரிக்காவில் 1970களின் இறுதியில் விலக்கப்பட்டது. ஒரே செடியின் வழியில் வந்தவற்றுள் ஒன்று மருந்து, ஒன்று நஞ்சு, ஒன்று இரண்டுக்கும் நடுவே. எது எது என்று பிரித்துக் காட்டியது மரபுப் பெருமிதம் அல்ல. பல்லாண்டுக் காலச் சலிப்பூட்டும் கணக்கெடுப்பு. அந்த உழைப்பை நம் செடிகளுக்குத் தர மறுத்துவிட்டு, அவற்றைப் புகழ்வதால் மட்டும் அவற்றுக்கு என்ன மரியாதை செய்கிறோம்?

இரண்டாம் தரப்பினர் பகுத்தறிவின் பெயரால், 'இவை எல்லாமே பித்தலாட்டம், தூக்கிப் போடு' என்பார்கள். இவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சாச்சாவிடம் போய் 'பித்தலாட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை பொட்டலத்தை நம் கண்ணில் படாத இடத்தில் வைப்பார், அவ்வளவுதான். மூலிகையை ஒழுங்காகச் சோதிக்க முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. வேங்கைக் கட்டையை, அதாவது விஜயசாரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் புதிதாக நீரிழிவு கண்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1998-இல் முடிவை வெளியிட்டது. அளவு குறிக்கப்பட்டிருந்தது: இரண்டு கிராமில் தொடங்கி, தேவைக்கேற்ப நான்கு வரை. பன்னிரண்டு வாரத்தில் 97 பேரில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத திறந்த ஆய்வு என்பது அதன் குறை. அக்குறையை வெளிப்படையாகச் சொன்னது அதன் நேர்மை. பின்னர் வேறொரு மாத்திரையோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். பன்னீர்ப்பூவுக்கு இந்த அளவில் எதுவும் நடக்கவில்லை. மனிதரிடம் நடந்தவை சிறிய, குறுகிய கால ஆய்வுகள். கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை ஓராண்டு பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை.

கல்லீரலை ஏன் இழுக்கிறேன் என்றால், உறவுக்காரச் செடியின் கதை அப்படி. அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஐந்து பேரைப் பற்றி ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-இல் எழுதினார்கள். இந்திய மருத்துவர்கள் 2023-இல் தங்கள் நோயாளிகளைத் தொகுத்து வெளியிட்டபோது, ஏற்கெனவே கல்லீரல் நோயிருந்தவர்களில் மரணங்களும் இருந்தன. அதே ஆண்டில் டென்மார்க் அதைத் தடைசெய்தது. அத்தடை மிகை என்றே நான் நினைக்கிறேன். கோடிக்கணக்கானோர் உண்ணும் பொருளில் இத்தகைய பாதிப்பு அரிது. ஆனால் அரிது என்று சொல்லவாவது அங்கே எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அதே வித்தனோலைடு வகைச் சேர்மங்களைக் கொண்ட பன்னீர்ப்பூவில் அந்த எண்ணிக்கையே இல்லை. பாதிப்பு பதிவாகவில்லை என்பதைப் பாதிப்பு இல்லை என்று நம் கட்டுரைகள் மொழிபெயர்க்கின்றன.

சட்டத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதன் அட்டவணையில் நீரிழிவு பெயரோடு இருக்கிறது. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி கேட்ட 170-ஆம் விதியை அமைச்சகம் 2024 ஜூலையில் நீக்கியது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அந்நீக்கத்தை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு வழக்கையே முடித்துவைத்தது. இவையெல்லாம் உரிமம் பெற்ற மருந்துகளுக்கும் விளம்பரங்களுக்கும் உரியவை. கோணியிலிருந்து அள்ளி எடைபோட்டுத் தரப்படும் பழம் மருந்துமல்ல, உணவுமல்ல; யாருடைய பதிவேட்டிலும் அது இல்லை. ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவுசெய்யும் திட்டம் 2018 முதல் இருக்கிறது. தில்லியின் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் அதன் தேசிய மையம். சாச்சாவைப் பற்றி ஒரு படிவத்தை நிரப்ப முயன்றேன். பொருளின் பெயர், தயாரித்தவர், தொகுதி எண் என்று வரிசையாகக் கேட்டது. 'காய்ந்த பழம், கடைத்தெரு' என்று எழுதினேன்.

இதைப் படிப்பவர் வீட்டிலும் யாரோ ஒருவர் காலையில் இந்நீரைக் குடித்துக்கொண்டிருப்பார். நம் குடும்பங்கள் அப்படித்தான். அவர்களிடம் சண்டையிட வேண்டாம். மாத்திரையை, இன்சுலினை நிறுத்தாதீர்கள் என்பதை மட்டும் மன்றாடியாவது சொல்லுங்கள். முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களில் உயிர் போகும். கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவருக்கு இப்பழத்தைச் சேர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு அளவைக் கூட்டுவதற்குச் சமம். அவர்கள் குடிக்காமலிருப்பதே நல்லது. குடித்தே தீருவேன் என்றால் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் காட்டிவிட்டு, வீட்டில் சர்க்கரைமானி வைத்துக்கொண்டு குடிக்கட்டும். வியர்வை, நடுக்கம், குழறல் வந்தால் உடனே அளக்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகள் உண்பவர்களுக்கு அந்த நடுக்கமே தெரியாமல் போகலாம். கருவுற்றவர்கள், பாலூட்டுவோர், கல்லீரல் அல்லது சிறுநீரக நோயுள்ளோர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் இதைத் தொடவே வேண்டாம். கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால் அன்றே நிறுத்த வேண்டும். 'மூலிகைப் பொடி' என்று புட்டியில் வருவது இதைவிட மோசமாகவும் இருக்கலாம். சிங்கப்பூரில் 2008-இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரைத் தாழ்வோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் உண்ட ஆண்மைக்கான போலி மருந்துகளில், மூலிகை என்று விற்கப்பட்டவை உட்பட, கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. நாட்டுமருந்து சாப்பிட்டதும் சர்க்கரை 'மளமளவென்று' இறங்கினால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

செடியைப் பற்றியும் ஒரு சொல். ராஜஸ்தானில் இது அருகிவருவதாகத் தாவரவியலாளர்கள் எச்சரிக்கிறார்கள். கனியைத்தான் பறிக்கிறோம், கனிக்குள்தான் விதை. ஒவ்வொரு காணொளிக்குப் பின்னும் எத்தனை கோணி கூடுதலாக இறங்குகிறது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

மாணவ நண்பர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான்: அந்தக் கடைசி வரியை எழுதாதீர்கள். அதன் இடத்தில் எலியின் அளவு மனிதனுக்கு எவ்வளவு என்ற கணக்கையும், இது எந்த மாத்திரையோடு மோதக்கூடும் என்பதையும் எழுதுங்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு இன்னொரு ஆறு எலிகளைக் கொல்வதற்குப் பதில், ஐந்து நகரங்களின் நாட்டுமருந்துக் கடைகளில் 'பன்னீர்ப்பூ' என்று கேட்டால் எதைத் தருகிறார்கள் என்று டி.என்.ஏ. குறியீட்டால் பார்க்கலாம். ஒரு புறநோயாளிப் பிரிவில் நூறு நீரிழிவுக்காரர்களிடம் 'வேறென்ன குடிக்கிறீர்கள்?' என்று கேட்டு எழுதலாம். செலவு குறைவு, சாச்சா போன்றவர்களுக்குப் பயன் அதிகம். பேராசிரியர்கள் இதைப் புதுமையற்றது என்பார்கள். ஆறு எலிகளில் இருநூறாவது முறையாகச் சர்க்கரை குறைவதில் என்ன புதுமை என்று பணிவோடு கேளுங்கள்.

நானும் இதிலிருந்து தப்பியவனல்ல. மூன்றாண்டுக்கு முன் இச்செடியினத்தைப் பற்றி ஒரு மீள்நோக்குக் கட்டுரை எழுதினேன். அதன் சுருக்கவுரையின் கடைசி வரியும் அதே வரிதான். எங்கிருந்து நகலெடுத்தேன் என்றுகூட நினைவில்லை. இப்போது அச்சுக்கு அனுப்பியிருக்கும் கட்டுரையில் அதை எழுதவில்லை. சென்ற வாரம் மதிப்பீட்டாளரின் குறிப்பு வந்தது: 'முடிவுரையில் இதன் மரபான பயன்பாட்டுடன் தொடர்புபடுத்தி ஒரு வாக்கியம் சேர்க்கவும்.' பதிலெழுத இன்னும் பதினெட்டு நாள் அவகாசம் இருக்கிறது. சேர்க்கப்போவதில்லை என்று நெறியாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு, தேநீர் வரட்டும் பேசுவோம் என்றார்.